வாலாசா முனுசாமியின் துப்பாக்கி ஏன் வந்து சேரவில்லை

1

வாலாஜாபேட்டையில், நம் வாசகசாலையின் முன்கூடத்தில், ஐந்தடி நீளக் கண்ணாடிப் பெட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது. அதற்குக் காரணம் நான்.

செயலாளர் நாகலிங்கம் இதுவரை நான்கு கடிதங்கள் எழுதிவிட்டார். முதல் கடிதம் 'அன்புள்ள அண்ணா அவர்களுக்கு' என்று தொடங்கியது. இரண்டாவதில் 'அன்புள்ள ஐயா'. மூன்றாவதில் வெறும் 'ஐயா'. நேற்று வந்த நான்காவதில் விளிப்பே இல்லை. "தாங்கள் தருவதாகச் சொன்ன துப்பாக்கிக்காகச் செய்த பெட்டியில் பூனை மூன்று குட்டிகள் போட்டுவிட்டது. அதுதான் காட்சிப்பொருள் என்று நினைத்து எதிர்த்தெருவிலிருந்து பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆண்டு மலருக்குத் தாங்களே ஒரு விளக்கம் எழுதி அனுப்பிவிடவும்."

எழுதி அனுப்புகிறேன். வாக்குக் கொடுத்தது சென்ற ஆண்டு, 1962, ஆயுத பூஜை விடுமுறையில் நான் ஊருக்கு வந்திருந்தபோது. "பொங்கலுக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்" என்று பத்துப் பேர் எதிரில் சொன்னேன். புதிய ஆயுதச் சட்டம் அதே மாதம் முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. நாள் தவறாமல் செய்தித்தாள் படிப்பவன் என்று பெயரெடுத்த எனக்கு அது தெரியவில்லை. நம் வாசகசாலைத் தாளில் அந்தச் செய்தி இருந்த பக்கத்தை யாரோ கிழித்துப் போயிருந்தார்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.

2

துப்பாக்கி சேர்ப்பவன் என்றால் வேட்டைக்காரன் என்றோ மீசைக்காரன் என்றோ நினைப்பார்கள். நான் ஓர் எறும்பைக்கூடக் குறிபார்த்ததில்லை. 1946 ஜூனில், பெங்களூர்க் கண்டோன்மெண்ட்டில் ஓர் இராணுவக் கிடங்கின் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த ஆண்டு வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்டத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு பங்களாவில் ஏலம் நடந்தது. நான் போனது புத்தகத்துக்காக.

ஒரு கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள், ஒன்று மட்டும் குறைவு, ஏலத்துக்கு வந்தன. எடுத்தேன். ஆள் வந்து புத்தகங்களோடு ஒரு குடைத்தாங்கியையும் தூக்கிவந்து வைத்தான். அதில் இரண்டு கைத்தடி, நரம்பறுந்த டென்னிஸ் மட்டை, ஒரு நீளத் துப்பாக்கி.

"இது எனக்கு வேண்டாம். புத்தகம் மட்டும் போதும்" என்றேன்.

"லாட்டைப் பிரிக்க முடியாது" என்றார் ஏலக்காரர். "எடுத்தால் எல்லாம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிக் காட்டும்வரை புத்தகமும் இங்கேதான் இருக்கும்."

ஆக, கலைக்களஞ்சியம் படிப்பதற்காக நான் துப்பாக்கி உரிமம் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, இது எந்தக் காலத்துத் துப்பாக்கி என்று பார்க்கலாமென்று தொகுதிகளைப் புரட்டினால், 'மஸ்கெட்' என்ற தலைப்பு வரவேண்டிய தொகுதிதான் குறைந்த தொகுதி. அந்த எரிச்சலில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு பொருளின் ஆண்டு தெரியாமல் என்னால் அதோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது.

பதினோரு ஆண்டுகளில் ஆறு சேர்ந்தன. எல்லாம் சென்ற நூற்றாண்டின் பட்டாளத் துப்பாக்கிகள். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, இரும்புக் கோலால் இடித்துச் சுடும் வகை. பழையவற்றில் சிக்கிமுக்கிக் கல் பொறி தட்டும். பிந்தையவற்றில் சிறிய செப்புக் குல்லாய் ஒன்றின் மேல் சுத்தி விழும். வெளிப்புறத் தகட்டில் முத்திரையும் பெரும்பாலும் ஆண்டும் இருக்கும். கிரீடத்தைக் கையில் பிடித்து நிற்கும் சிங்கம் என்றால் கும்பினியாருடையது. என் மனைவி காமாட்சி இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பீரோ வைக்க எடம் இல்லாத வீட்ல இதை எங்கங்க வெக்கிறது?" எங்கள் பெங்களூர் ஜோகுபாளையத்து வீட்டில் அவை இன்றும் பீரோ நிற்கவேண்டிய சுவரில்தான் இருக்கின்றன. பீரோ வரவில்லை.

3

முனுசாமியின் துப்பாக்கி மூன்றாவது. 1953இல் சிவாஜிநகரில் ஒரு பழைய இரும்புக் கடையில், கதவுத் தாழ்ப்பாள்களுக்கு நடுவே கிடந்தது. சிங்க முத்திரை, கீழே 1845. பட்டறைக்காரர் கௌஸ் சாயபுவிடம் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொன்னேன். நான்காம் நாள் போனபோது அவர் துப்பாக்கியின் மரக்கட்டையைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்.

"உங்க எழுத்து மாதிரி கீது சார். படிங்க."

கட்டையின் அடிப்பக்கத்தில், இரும்புப் பட்டைக்குப் பக்கத்தில், கத்தி முனையால் கீறிய எழுத்துகள்: வாலாசா முனுசாமி.

நம் ஊர். எந்தப் படைப்பிரிவு, எந்தத் தெரு, எதுவும் தெரியாது. சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்து, இங்கே தண்டு என்று சொல்லும் இந்தக் கண்டோன்மெண்ட்டில் எங்கோ ஒரு வரிசை வீட்டில் இருந்திருப்பார். எனக்கு நூறு ஆண்டு முன்னால் வாலாஜாவிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர் ஒருவர் உண்டு என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அந்தத் துப்பாக்கியை நம் வாசகசாலைக்குத் தரவேண்டும் என்று அன்றே நினைத்தேன். ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது கையோடு கொண்டுவரலாம் என்பது திட்டம். ஓய்வு இன்னும் வரவில்லை. சென்ற ஆயுத பூஜையில் வேறொன்று நடந்தது. ஊரில் மூன்றாம் நாள் காலை, கல்லூரியில் படிக்கும் என் மகள் வசந்தா காப்பி தம்ளரோடு வந்து, "அப்பா, ஊருக்கு எப்போப்பா போறோம்?" என்று கேட்டாள். நாங்கள் ஊரில்தானே இருக்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ரயில் அட்டவணையைக் கையில் வைத்திருந்தாள். அன்று மாலைதான் வாசகசாலையில் அந்த வாக்கைக் கொடுத்தேன். நானோ என் மக்களோ திரும்பி வருவோமா என்பது நிச்சயமில்லை. முனுசாமியையாவது அனுப்பிவிடலாம் என்று பட்டது.

4

வாசகசாலைக்குத் துப்பாக்கி உரிமம் கிடையாது. ஆகவே துப்பாக்கியை அங்கே வைக்கவேண்டுமானால், அது சட்டப்படி துப்பாக்கியாக இருக்கக் கூடாது. புதிய சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது: பழம்பொருளாக இருக்க வேண்டும், சுட இயலாததாக இருக்க வேண்டும், பழுது பார்த்தாலும் சுட இயலாததாக இருக்க வேண்டும். இந்த மூன்றாவது வரியை எழுதியவரை ஒருநாள் சந்திக்க ஆசை.

உரிம அலுவலகம் எனக்குப் பழகிய இடம். 1947 ஜூலை வரை கண்டோன்மெண்ட் ஓர் ஆட்சியில் இருந்தது, மாதக் கடைசியில் மகாராஜாவிடம் போயிற்று, அடுத்த மாதம் சுதந்திரம், 1950இல் குடியரசு, 1956இல் மாநிலமே பெரிதாயிற்று. நான் வீடு மாறவில்லை. ஆட்சிதான் என் வாசலில் மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ரப்பர் முத்திரை, ஒரு புதிய படிவம், பழைய படிவத்தைக் காணோம் என்று ஒரு கடிதம். ஒருமுறை வரிசையில் என் முன்னால் நின்ற குடகர் ஒருவர், "எங்களுக்கு லைசென்ஸே வேண்டாம், குடகில் பிறந்தால் போதும்" என்று சிரித்தார். அவர் வந்திருந்தது பட்டாசுக் கடை உரிமத்துக்கு.

அங்கே என் கோப்பு ராமண்ணா என்ற குமாஸ்தாவிடம். மிகவும் மரியாதையானவர். "நாளெ பன்னி ஸ்வாமி" என்று அவர் சொல்லும்போது, நாளை வருவதே ஒரு கௌரவம் என்று தோன்றும். பன்னிரண்டு ஆண்டுகளாக அவரோடு நான் கன்னடத்தில் பேசி வந்தேன். என் கன்னடத்தில் வினைச்சொல் கடைசியில் வந்து சேரும். சில நாள் வராது.

இந்தமுறை, துப்பாக்கி பழம்பொருள் என்பதற்கு ஆதாரம் கேட்டார். நான் தயாராக இருந்தேன். ஆறு துப்பாக்கிகளுக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கி, முத்திரை, நீளம், கிடைத்த இடம், செய்த பராமரிப்பு என்று எல்லாவற்றையும் தேதியோடு எழுதிய நோட்டுப் புத்தகம். தமிழில் எழுதியது. முத்திரைகளின் படங்களைப் பார்த்தாலே அவருக்குப் புரியும் என்று பெருமையோடு நீட்டினேன்.

ராமண்ணா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். பிறகு, நல்ல தமிழ் உச்சரிப்பில், நிதானமாக வாசித்தார்.

"'1958, தீபாவளி. காலை ஆறே கால். அல்சூர் ஏரிக்கரை. குண்டு இல்லாமல் மருந்து மட்டும் இட்டுச் சுட்டேன். முதல் சொடுக்கிலேயே வெடித்தது. பட்டாசுச் சத்தத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கௌஸ் போட்ட விசைவில் அபாரம்.'"

துப்பாக்கியைவிட வேறொன்றுதான் முதலில் உறைத்தது.

"உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"நம்ம தாயார் ஓசூரு சார். மூணாங் கிளாஸ் வரைக்கும் அங்கதான் ஓதினேன்."

"பன்னிரண்டு வருஷமா நான் கன்னடத்துல திண்டாடறதைப் பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"நீங்க அவ்ளோ ஆசையா பேசறீங்க, நான் எதுக்கு சார் கெடுக்கணும்?" என்றார் உண்மையான வருத்தத்தோடு. "நீங்க வந்தா நம்ம செக்ஷன்ல எல்லாருக்கும் குஷி. உங்களுக்காகவே டீ சொல்லுவாங்க."

டீ ஏன் வருகிறது என்று பன்னிரண்டு ஆண்டுகள் நான் வேறுவிதமாக நினைத்திருந்தேன்.

அவர் நோட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "எந்த இன்ஸ்பெக்டரும் இவ்ளோ நீட்டா எழுத மாட்டான் சார். தேதி, டைம், எடம், சாட்சி இல்லைங்கறது வரைக்கும் இருக்கு. நான் படிக்கலேன்னு வெச்சுக்கறேன். ஆனா இது சுடாதுன்னு இனிமே எப்பிடி எழுதறது?"

வழி ஒன்று சொன்னார். குழலில் துளையிட வேண்டும். பிறகு, துப்பாக்கிப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், இதைப் பழுது பார்க்க இயலாது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

தீபாவளியன்று சுட்டதில் எனக்கு வருத்தமில்லை. அதை எழுதிவைத்தேனே என்று இரண்டு இரவு தூங்கவில்லை.

5

கௌஸ் சாயபுவின் பட்டறை சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டு கறிக்கடைகளுக்கு நடுவே. கன்னடத்தில் சான்று எழுதுவதற்காக வசந்தாவையும் அழைத்துப் போனேன். நான் எழுதினால் அலுவலகத்தில் மறுபடி டீ வரும்.

சாயபு முழுவதையும் கேட்டார். துப்பாக்கியை மடியில் கிடத்தி, குழந்தையைத் தடவுவது போல ஒருமுறை தடவினார்.

"ஓட்டை போடணும். செரி. அதுக்கப்புறம் இன்னா எழுதணும்?"

"இனிமே இதை ரிப்பேர் பண்ண முடியாதுன்னு."

"யாரு சொன்னது முடியாதுன்னு?"

"யாரும் சொல்லலை. நீங்க எழுதணும்."

"நானா?" சாயபு எழுந்தே நின்றுவிட்டார். "சார், இந்தப் பட்டறை எங்க பெரியவங்க போட்டது. பட்டாளத்துத் துப்பாக்கியெல்லாம் இங்க வந்துதான் உசுரு வாங்கினு போச்சு. என்னால ஆவாதுன்னு எழுதி, கையெழுத்து போட்டு, அதும்மேல சீலு வேற குத்தணுமா? தோபா தோபா. வளைக்கச் சொல்லுங்க, வளைக்கிறேன். ரெண்டு துண்டாக்கச் சொல்லுங்க, ஆக்கறேன். ஆவாதுன்னு மட்டும் எழுத மாட்டேன்."

"இது சும்மா ஒரு காகிதம்தான், சாயபு."

"காகிதம் உங்க ஆபீசுல சும்மா. மார்க்கெட்ல சும்மா இல்ல. நாளைக்கு எதிர்ப் பட்டறைக்காரன் அதக் கண்ணாடி போட்டு மாட்டிடுவான்."

முதலில் துளையாவது போடட்டும் என்றேன். வெளியே தெரியாதபடி, கட்டை மறைக்கும் அடிப்பக்கத்தில் இடம் பார்த்தார். கையால் சுற்றும் கருவியால் முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரும்புத் தூள் சுருள் சுருளாக விழுந்தது. நூறு ஆண்டுக்கு மேல் எந்தக் குறையும் இல்லாமல் இருந்த குழல் அது. நான் கறிக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அங்கேயும் பார்க்கும்படியாக எதுவும் இல்லை.

முடிந்ததும் சாயபு துளையை வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதுவா? ஒரு பித்தளைத் துண்டு உள்ள அடிச்சு, மேல பத்த வெச்சா தீந்துது. ரெண்டு நாள் வேலை சார்!"

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். வசந்தா கேட்டாள்:

"சாச்சா, இந்த ரிப்பேரை சிவாஜிநகர்ல வேற யாராச்சும் பண்ண முடியுமா?"

"இவனுங்களா? பூட்டு கூடத் தொறக்கத் தெரியாது."

"பெங்களூர்ல?"

"பெங்களூர் இன்னா, மைசூர்லயே கெடையாது."

"நீங்க பண்ணுவீங்களா?"

"சார் சொல்லாம எப்பிடிப் பண்ணுவேன்?"

"அப்போ ஆயித்து" என்றாள் வசந்தா. கறிக்கடைக்காரரிடம் ஸ்டூல் வாங்கிப் போட்டு உட்கார்ந்து, கன்னடத்தில் மளமளவென்று எழுதினாள். சாரம் இதுதான்: இத்துப்பாக்கியைப் பழுது பார்க்கும் திறமை இம்மாநிலத்தில் கீழே கையெழுத்திட்டுள்ளவர் ஒருவருக்கே உண்டு, அவர் இதைப் பழுது பார்க்க மாட்டார், ஆதலால் இது பழுது பார்க்க இயலாதது.

சாயபு அதை மூன்றுமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் முறை கறிக்கடைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, தனக்கு ஒரு நகல் வேண்டும் என்றார். அந்த நகல் இப்போது அவர் பட்டறையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

வரும் வழியில் வசந்தாவிடம், "இப்படி எழுத எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன். "உங்க கூட லைசென்ஸ் ஆபீசுக்கு எத்தனை வருஷமா வர்றேன்" என்றாள்.

6

ராமண்ணா சான்றைப் படித்தார், சிரித்தார், ஏற்றுக்கொண்டார். ஆறு வாரத்தில் ஆணை வந்தது. பொங்கல் எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனாலும் ஆணை வந்துவிட்டதே என்று நாகலிங்கத்துக்கு எழுதினேன். பெட்டியைத் துடைத்து வைக்கச் சொன்னேன். பிறகுதான் ஆணையின் கடைசி வரியைப் படித்தேன். 'மேற்படி பொருளை ஜோகுபாளையம் முகவரியில் வைத்துக்கொள்ளலாம்.'

மறுபடி ராமண்ணா.

"எங்கள் ஊருக்கு எடுத்துப் போகத்தானே மனுக் கொடுத்தேன்?"

"நம்ம கை இந்த ஜில்லா வரைக்கும்தான் சார் நீளும். உங்க ஊரு எந்த ஜில்லா?"

"வட ஆற்காடு."

"அப்போ அவங்க பாத்து, இது துப்பாக்கி இல்லேன்னு ஒத்துக்கணும். நடுவுல கோலாரு. அதுக்கப்புறம் குப்பம் வருதில்ல, அது சித்தூர் ஜில்லா, ஆந்திரா. அவங்களும் ஒத்துக்கணும்."

"குப்பத்துல ரயில் அஞ்சு நிமிஷம் நிக்கும்!"

"அஞ்சு நிமிஷம் துப்பாக்கியா இல்லாம இருக்கணுமில்ல சார்? பஸ்ஸுல ஓசூர் வழியா போனா ஆந்திரா வேணாம். சேலம் ஜில்லா வேணும்."

1946இல் நான் இந்த ஊருக்கு வந்தபோது, வாலாஜா ரோட்டில் ஏறி, சோளிங்கர்ப் பயணி ஒருவரோடு பேசிக்கொண்டே வந்து, தண்டு ஸ்டேஷனில் இறங்கினேன். பேச்சு முடியவில்லை, பயணம் முடிந்துவிட்டது. இன்றும் அதே தண்டவாளம்தான். எங்கள் தெரு முனையில் போகும் சாலைக்குப் பெயரே பழைய மெட்ராஸ் ரோடு. விடாமல் நடந்தால் நேராக வாலாஜாவில் கொண்டுபோய் விடும். ஆனால் மூன்று ஜில்லாக்களுக்கு மூன்று மனுக்கள். சித்தூருக்கு எந்த மொழியில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் காமாட்சி பொறுமை இழந்தாள்.

"ஏங்க, ஓட்டை போட்ட கட்டைக்கு ஊர் ஊரா மனுவா? ஒரு பாய்ல சுருட்டி ரயில்ல ஏத்திட்டுப் போங்க. ஜனங்க பொணத்தையே சொல்லாம ஏத்திட்டுப் போறாங்க."

நான் சட்டத்தை மீறியவனல்ல. (தீபாவளியைத் தவிர.) ஆனால் நாகலிங்கத்தின் மூன்றாவது கடிதம் அன்றுதான் வந்திருந்தது.

ஒரு காலை, எந்த நாள் என்று கேட்காதீர்கள், கோரைப்பாயில் முனுசாமியின் துப்பாக்கியைச் சுருட்டி, இரண்டு இடத்தில் கயிறு கட்டி, தண்டு ஸ்டேஷனில் நானும் வசந்தாவும் நின்றோம். வண்டி வர இருபது நிமிஷம். வழியில் வசந்தா பாடம் நடத்தியிருந்தாள்: "யாராவது கேட்டா நான் பேசறேன். நீங்க சும்னே இருங்க. ப்ளீஸ் அப்பா, ஒரே ஒரு நாள்."

கேட்டார்கள். காவலர் ஒருவர், நடுவயது, எங்களைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார்.

"இன்னா சார் பாய்க்குள்ள?"

"கர்ட்டன் ராடு" என்றாள் வசந்தா உடனே. "அத்தை வீட்டுக்கு."

காவலர் பாயைத் தூக்கிப் பார்த்தார். "ராடு இவ்ளோ கனமா கீது?"

"பழைய காலத்து ராடு."

அவர் தலையாட்டிவிட்டார். பாயைக் கீழே வைத்தும் விட்டார். போகிற போக்கில், "இந்தப் பழைய இரும்பெல்லாம் இன்னாத்துக்கு அங்க வரைக்கும் தூக்கினு போறீங்க? துருப் புடிச்ச ராடு. இங்கியே எடைக்குப் போடுங்க" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். வசந்தா என் முழங்கையைப் பிடித்தது நினைவிருக்கிறது. ஆனால் பத்து ஆண்டுகள் நான் எண்ணெய் போட்டுக் காப்பாற்றிய பொருள்.

"ராடு இல்லை. 1845இல் செய்த கும்பினித் துப்பாக்கி. தகட்டில் சிங்க முத்திரை இருக்கிறது. கட்டையில், அதை வைத்திருந்த சிப்பாயின் பெயரும் இருக்கிறது."

வசந்தா பிளாட்பாரத்துக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். தனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல.

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"சார் எங்க, அல்சூரா?"

"ஜோகுபாளையம்."

"நான் அதுக்குப் பக்கத்துத் தெருதான். கேளுங்க சார். இத வீட்டுக்குத் தூக்கினு போனீங்கன்னா அது கர்ட்டன் ராடு. வண்டில ஏத்துனீங்கன்னா துப்பாக்கி. எனக்கும் ரெண்டு கொழந்தைங்க கீது."

வண்டி வந்தது. நின்றது. போயிற்று. நாங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஏரிக்கரையில் வசந்தா கேட்டாள்.

"ராடுன்னு ஒருத்தர் சொன்னா அப்பிடி என்னப்பா ஆயிடும்?"

"ராடு இல்லையே" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாயின் முன்பக்கம் குலுங்கியது. பின்பக்கத்தைப் பிடித்திருந்த நானும் குலுங்கவேண்டியதாயிற்று.

7

ஆகவே, உறுப்பினர்களே, துப்பாக்கி வராது. மூன்று மனுக்களும் போட்டிருக்கிறேன். என் ஆயுளில் பதில் வரும் என்று தோன்றவில்லை. துளை போட்டதுதான் மிச்சம். அது இப்போது இந்த ஜில்லாவில் சட்டப்படி துப்பாக்கியில்லை. எங்கேயும் போகவும் முடியாது. பெங்களூர்வாசியாகிவிட்டது.

அதற்குப் பதிலாக இத்துடன் ஒரு தாளை அனுப்புகிறேன். பிள்ளைகள் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார்களே, அதுபோல, கட்டையின் அடிப்பக்கத்தில் தாளை வைத்து வசந்தா தேய்த்தாள். நான் தாள் நகராமல் பிடித்துக்கொண்டேன். வாலாசா முனுசாமி என்ற எழுத்துகள், அவர் கை அழுத்திய இடத்தில் ஆழமாகவும், வழுக்கிய இடத்தில் மெலிதாகவும், அப்படியே விழுந்திருக்கின்றன. இதற்கு எந்த ஜில்லாவின் அனுமதியும் வேண்டாம். தபால் தலை போதும். பூனைக்கு வேறு இடம் பார்த்துவிட்டு இதைப் பெட்டியில் வைக்கவும். ஐந்தடிப் பெட்டியில் சிறிய தாள் அழகாக இராது என்று நாகலிங்கம் சொல்வார். சொல்லட்டும்.

தாளில் எழுத்து விழுந்ததும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். பெயரைத் தவிர வேறு ஏதாவது கீறல், ஓர் ஆண்டு, ஒரு மாதம், ஓர் எண் தென்படுமா என்று. ஒன்றும் இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவு சிரமப்பட்டுப் பெயரைக் கீறியவர் நான்கு இலக்கம் கூடக் கீறியிருக்கக் கூடாதா? ஒரு மனிதன் தேதி போடாமல் எப்படி ஒரு வேலையை முடிக்க முடியும்?

"சர்க்கார் துப்பாக்கில பேர் எழுதினா சும்மா விடுவாங்களாப்பா?" என்று கேட்டாள் வசந்தா, கையிலிருந்த பென்சில் கரியைத் துடைத்தபடி.

விடமாட்டார்கள். பட்டாளத்துக் கட்டையில் கத்தி வைப்பது குற்றம். முனுசாமி பெயரை எழுதினார், ஊரையும் எழுதினார், தேதியை மட்டும் எழுதவில்லை. தேதி இல்லையென்றால் எந்த முனுசாமி என்று யார் நிரூபிப்பது? விவரம் தெரிந்தவர்.

ஆறாம் பகுதியில் ஒரு ரயில் நிலையம் வருகிறது. எனவே இந்தக் குறிப்பின் கீழ் நானும் தேதி போடவில்லை. நாகலிங்கமும் அச்சில் சேர்த்துவிட வேண்டாம்.